கால் ஊன்றாத பயணம்



வாலிப வயதை எட்டிய மகன் உள்ள இல்லங்களில் இன்று தவறாமல் எழும் கோரிக்கை ஒன்று உண்டு. "வாப்பா, எனக்கு ஒரு பைக் வாங்கித் தாங்க" என்பதே அது. மறுத்தால் பிள்ளையின் முகம் வாடுகிறது. வாங்கிக் கொடுத்தாலோ, அவன் வீடு திரும்பும் வரை தாயின் உள்ளம் தவிக்கிறது. அந்தத் தவிப்பு காரணமற்றதன்று. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் விபத்துக்களால் மாண்டோர் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கும் அதிகமானோர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

"வேகமாகப் போகாதே" என்று சொல்லிச் சொல்லி நாமும் களைத்துவிட்டோம். விலக்கப்படும் ஒன்றுக்கு ஈடாகச் செய்யத்தக்க ஒன்றைக் காட்டாத உபதேசம் இளம் உள்ளங்களில் தங்குவதில்லை. ஆகவே, மெதுவாகச் செல்வதையே வீரமாகக் கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள் கலையை இங்கே அறிமுகப்படுத்த விழைகிறேன். 'டிரயல்ஸ்' என்று அதற்குப் பெயர். 'சோதனைகள்' என்பது அச்சொல்லின் பொருள். அதில் நுழையும் புதியவர் தம் வண்டியை எவ்வாறு அமைத்துக்கொள்கிறார், எவ்வாறு பேணுகிறார் என்பதை அறிந்தால் பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும் அதில் பாடம் உண்டு.

முந்தி வந்தவருக்குப் பரிசில்லை

இக்கலை பிரிட்டனில் பிறந்தது. ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் ஆண்டுதோறும் நடைபெறும் புகழ்மிக்க 'ஆறு நாள் சோதனை'யின் வேர் 1909ஆம் ஆண்டுக்குச் செல்கிறது. பாறைகள், ஓடைகள், வழுக்கும் சேறு, செங்குத்தான மேடுகள் ஆகியவற்றைக் கொண்ட குறுகிய பாதைகளை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்து அடையாளமிட்டிருப்பார்கள். ஓட்டுபவர் கால் தரையில் படாமல் அப்பகுதியைக் கடக்க வேண்டும்.

ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு குற்றப் புள்ளி. இரு முறை ஊன்றினால் இரண்டு. அதற்கு மேல் எத்தனை முறை ஊன்றினாலும் மூன்று. கீழே விழுந்தாலோ, எல்லையைத் தாண்டினாலோ ஐந்து. இறுதியில் எவரிடம் குற்றப் புள்ளி குறைவாக உள்ளதோ அவரே வென்றவர். பயணத்துக்கு மொத்த நேர வரம்பு இருக்கலாம். ஆனால் ஒரு பகுதியை மற்றவரைவிட விரைந்து கடந்தார் என்பதற்காக எவருக்கும் பரிசு கிடைப்பதில்லை.

ஒவ்வொரு பகுதியிலும் ஒரு கண்காணிப்பாளர் நின்று தவறுகளைக் குறித்துக்கொள்கிறார். இதைப் படிக்கும்போது, நம் ஒவ்வொரு செயலையும் பதிவு செய்யும் கண்ணியமிக்க வானவர்களின் நினைவு எழாமல் போகாது.

பலத்தை வென்ற இலேசு

ஆரம்ப காலத்தில் இப்போட்டிகளில் கனத்த வண்டிகளே ஓடின. பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த சாமி மில்லர், ஏரியல் நிறுவனத்தின் 500 சி.சி. வண்டியில் அமர்ந்து வெற்றிகள் பல கண்டவர். 1959 முதல் 1969 வரை தொடர்ந்து 11 ஆண்டுகள் பிரிட்டனின் வாகைப் பட்டம் அவரிடமே இருந்தது. தம் வண்டியின் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து, தேவையற்ற கனத்தை நீக்கிக்கொண்டே வந்தவர் அவர்.

1964இல் அவர் ஸ்பெயின் நாட்டின் புல்டாகோ நிறுவனத்தோடு சேர்ந்து, இலேசான இரண்டு ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை உருவாக்கினார். 1965ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ஆறு நாள் சோதனையில் அவ்வண்டி வென்றது. கனத்த வண்டிகளின் காலம் அத்துடன் முடிவை நோக்கிச் சென்றது. அதே ஸ்பெயினைச் சேர்ந்த டோனி போ, 2007 முதல் 2024 வரை ஓராண்டும் தவறாமல் உலக வாகைப் பட்டத்தைப் பெற்று வந்துள்ளார்.

இன்றைய டிரயல்ஸ் வண்டியின் எடை ஏறத்தாழ 70 கிலோ. நம் தெருக்களில் ஓடும் சாதாரண பைக்கே நூறு கிலோவைத் தாண்டுகிறது. இவ்வண்டியில் இருக்கை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. நின்றபடியே ஓட்ட வேண்டும். பெட்ரோல் டாங்கி மிகச் சிறியது. எஞ்சினின் அடியில் பாறையின் அடியைத் தாங்கும் உலோகத் தகடு இருக்கும்.

வண்டியைத் தமக்கேற்ப அமைத்தல்

புதியவர் பலர் முதலில் எஞ்சினின் பலத்தையே பார்க்கின்றனர். அனுபவசாலிகளோ அமைப்பைப் பார்க்கின்றனர். அவர்கள் கூறும் வழிமுறைகளில் இன்றியமையாதவை இவை:

முதலாவது, நிற்கும் நிலை. கால்தாங்கியின் மீது முழங்கால் சற்றே மடங்க நிற்க வேண்டும். அந்நிலையில் கைகள் இறுக்கமின்றி எட்டும்படி ஹேண்டில் பாரைத் திருப்பிப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, கிளட்ச், பிரேக் நெம்புகோல்கள். ஒரே விரலால் அவற்றை இயக்கி, ஏனைய விரல்களால் பிடியை விடாமல் பற்றியிருக்க வேண்டும். மணிக்கட்டு வளையாதவாறு அவை சற்றுத் தாழ்ந்திருப்பது நலம். அவற்றைப் பிணைக்கும் போல்டை அளவுக்கு மீறி முடுக்கக் கூடாது. வண்டி சாய்ந்தால் நெம்புகோல் சற்றுச் சுழன்று கொடுக்கும், முறியாது. விட்டுக்கொடுப்பது உடையாது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமா?

மூன்றாவது, டயரின் காற்று. டிரயல்ஸ் வண்டியின் பின் டயரில் சதுர அங்குலத்துக்கு 4 முதல் 5 பவுண்டும், முன் டயரில் 5 முதல் 7 பவுண்டும் போதும். மென்மையான டயர் பாறையைத் தழுவிப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண அளவுமானி இத்தனைக் குறைந்த காற்றைச் சரியாகக் காட்டாது. அதற்கென உள்ள கருவி தேவை. வாசகர்கள் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த அளவு பாறைக்கு உரியது; சாலைக்கு உரியதன்று. நம் பைக்குக்கு அதன் தயாரிப்பாளர் குறித்த அளவே சரி. குறைந்த காற்றுடன் சாலையில் விரைவது ஆபத்தை அழைப்பதாகும்.

நான்காவது, எஞ்சினின் சுபாவம். 125 சி.சி. சிறியதுதானே, எளிதாக இருக்கும் என்று நினைப்பார்கள். ஆனால் அதனை முறுக்கி ஓட்ட வேண்டியிருப்பதால் பெரியவர்களுக்கு 200 அல்லது 250 சி.சி. வண்டியே அமைதியாக இழுக்கும். ஆக்சிலேட்டர் மெதுவாகத் திறக்கும்படி மாற்றுவதும், சுழல் சக்கரத்துக்குக் கனம் கூட்டுவதும் தொடக்க நிலையில் உதவும்.

ஐந்தாவது, பாதுகாப்புக் கயிறு. ஒரு முனை ஓட்டுபவரின் மணிக்கட்டிலும் மறுமுனை வண்டியிலும் இருக்கும். அவர் விழுந்தவுடன் கயிறு விடுபட்டு எஞ்சின் நின்றுவிடும். தலைக்கவசம், உறுதியான பூட்ஸ், கையுறை ஆகியவை இல்லாமல் வண்டியைத் தொடுவதே இல்லை.

பேணுவதில் பாதி வெற்றி

ஓட்டி முடித்ததும் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போகிறவர் இக்கலையில் நிலைப்பதில்லை. சேறு காயுமுன் கழுவுகிறார்கள். கழுவும்போது நீரின் பாய்ச்சலைச் சக்கரத்தின் பேரிங்குகள் மீது நேராக அடிப்பதில்லை. அடித்தால் கிரீஸ் வெளியேறி நீர் உள்ளே புகும்.

அடுத்து ஏர் ஃபில்டர். பஞ்சு போன்ற அந்த வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய திரவத்தில் அலசி, நன்கு உலர்த்தி, அதற்கென உள்ள எண்ணெயைத் தடவிப் பொருத்த வேண்டும். பெட்ரோலில் கழுவுவது வடிகட்டிக்கும் கேடு, தீ அபாயமும் உண்டு. ஒரு சிட்டிகை மணல் உள்ளே சென்றாலும் பிஸ்டன் தேய்ந்துவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உயவு, பெட்ரோலோடு கலக்கும் எண்ணெய்தான். தயாரிப்பாளரின் குறிப்பைப் பொறுத்து ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 12 முதல் 20 மில்லி வரை கலக்கிறார்கள். எண்ணெய் கலக்க மறந்த பெட்ரோல் எஞ்சினை இறுகச் செய்து நிறுத்திவிடும். ஆகவே கண்ணளவில் ஊற்றாமல் அளவுக் குவளையில் அளந்தே கலக்க வேண்டும்.

ஸ்போக் கம்பிகளைச் சிறு ஸ்பேனரால் தட்டிப் பார்க்கிறார்கள். இறுகிய கம்பி கணீரென ஒலிக்கும். தளர்ந்த கம்பி மந்தமாக ஒலிக்கும். செயினைத் துடைத்து எண்ணெய் இடும்போது பிரேக் தட்டின் மீது ஒரு துளியும் தெறிக்காமல் காக்கிறார்கள். தெறித்தால் பிரேக் பிடிக்காது. இறுதியாக ஒவ்வொரு போல்டையும் நட்டையும் தொட்டுப் பார்க்கிறார்கள்.

இத்தனைக்கும் ஒரு மணி நேரம் கூட ஆகாது. ஆனால் அந்த நேரத்தில் ஓட்டுபவர் தம் வண்டியை அறிந்துகொள்கிறார். எந்த ஒலி இயல்பானது, எந்த ஒலி எச்சரிக்கை என்பது அவருக்குப் புரிந்துவிடுகிறது. தம் கையால் கழற்றி மாட்டிய வண்டியை எவரும் கண்மூடித்தனமாக விரட்டுவதில்லை.

நமக்குள்ள பாடம்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கற்றுக்கொள்கின்றனர். சவாரிப் பிராணியின் பசியையும் களைப்பையும் கவனிக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஒட்டகத்தின் இடத்தில் இன்று இரும்பு வாகனம் நிற்கிறது. வாகனத்தில் ஏறும்போது ஓதும் துஆவை நாவு ஓத, கழன்ற பிரேக்கையும் வழுக்கிய டயரையும் கண் பாராதிருந்தால், கட்ட வேண்டிய ஒட்டகத்தை நாம் இன்னும் கட்டவில்லை என்றே பொருள்.

எனவே பெற்றோர்களே! பிள்ளையின் கையில் சாவியைக் கொடுக்குமுன் ஸ்பேனரைக் கொடுங்கள். வாரம் ஒரு நாள், ஜுமுஆவுக்கு முன்போ ஞாயிறு காலையிலோ, டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளக்கட்டும். செயின், பிரேக், விளக்கு ஆகியவற்றை அவனே பார்க்கட்டும். வாப்பா அருகில் அமர்ந்து கேள்வி கேட்கட்டும். பிறகு, காலி மைதானத்தில் நடக்கும் வேகத்தில், கால் ஊன்றாமல், எட்டு என்ற எண்ணின் வடிவில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். விரட்டுவதற்கு ஆக்சிலேட்டரைத் திருகினால் போதும். மெதுவாகச் செலுத்துவதற்கோ கண், கை, கால், மனம் ஆகிய நான்கும் ஒன்றுபட வேண்டும். இதைச் செய்ய இயலாதவன் நெரிசலான சாலைக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை.

உரிமம் பெறும் வயது வரை காத்திருக்கச் செய்வதும் நம் கடமை. இந்தியாவில் 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வாகனத்தில் குற்றம் இழைத்தால் பெற்றோருக்கு அல்லது வாகன உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் விதிக்கப்படலாம். சட்டத்தின் அச்சம் ஒருபுறம் இருக்கட்டும். பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவனிடம் நாம் ஒப்படைக்கும் வாகனமும் அமானத். சாலையில் அவனுக்கு எதிரே நடந்து வரும் முதியவரின் உயிரும் அவ்வாறே.

ஸ்காட்லாந்தின் பாறைகளில் நம் பிள்ளைகள் ஓட்டப் போவதில்லை. ஆயினும் நிதானமே ஆண்மை என்பதையும், வாகனத்தைப் பேணாதவன் அதில் ஏறத் தகுதியற்றவன் என்பதையும் அவர்கள் அறிந்துகொண்டால் போதும். எத்தனையோ தாய்மார்களின் இரவு நேரத் தவிப்பு நீங்கும்.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்கு நிதானத்தையும், பயணங்களில் பாதுகாப்பையும் தந்தருள்வானாக! ஆமீன்.