கண்ணெதிரே காணாமல் போன பெட்டி

ஒரு மெழுகுவர்த்தி. ஒரு தீப்பெட்டி. ஒரு சின்ன அட்டைப்பெட்டி நிறைய, நோட்டீஸ் போர்டில் குத்துவோமே, அந்தப் பின்கள். உங்களிடம் இருப்பது இவ்வளவுதான். மெழுகுவர்த்தியை மரக்கதவில், உங்கள் கண் உயரத்தில், நிமிர்ந்து நிற்கும்படி வைக்க வேண்டும். எப்படி வைப்பீர்கள்?

அடுத்த பத்திக்கு ஓடாதீர்கள். கொஞ்சம் யோசியுங்கள். நான் காத்திருக்கிறேன்.

மெழுகுவர்த்தியின் வயிற்றில் பின்னைக் குத்திக் கதவோடு சேர்த்துவிடலாம் என்று தோன்றுகிறதா? பின் குட்டை, மெழுகுவர்த்தி தடிமன். குத்தினால் உடையும். மெழுகை உருக்கிக் கதவில் ஒட்டலாமா? கனம் தாங்காமல் விழுந்துவிடும். இந்தப் புதிரை முதன்முதலில் கேட்டபோது நானும் இந்த இரண்டையும்தான் சொன்னேன். விடையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பின்களையெல்லாம் கீழே கொட்டிவிட்டுக் காலிப் பெட்டியை எடுங்கள். நாலைந்து பின்களால் அதைக் கதவில் குத்துங்கள். குட்டி அலமாரி தயார்! அதன்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்த வேண்டியதுதான் பாக்கி.

இந்தப் புதிரை உருவாக்கியவர் கார்ல் டுங்கர் என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1935-இல் வெளியான தம் புத்தகத்தில் இதைப் பற்றி எழுதினார். நான் இங்கே கொஞ்சம் சுருக்கிச் சொல்லியிருக்கிறேன். அவர் செய்த தந்திரம் ஒன்றே ஒன்று. சிலருக்குப் பெட்டிகளில் பொருள்களைப் போட்டுக் கொடுத்தார். வேறு சிலருக்குப் பெட்டிகளைக் காலியாகவே கொடுத்தார். 1952-இல் அமெரிக்காவில் ஆடம்சன் என்பவர் இதையே இன்னும் நிறையப் பேரை வைத்துச் செய்து பார்த்தார். காலிப் பெட்டி கிடைத்தவர்களில் பெரும்பாலோர் விடையைக் கண்டுபிடித்தார்கள். நிறைந்த பெட்டி கிடைத்தவர்களில் பாதிப்பேர்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

அதே பெட்டிதான், அதே பின்கள்தான். பெட்டிக்குள் பின்கள் இருக்கும்போது மூளை அதற்கு ‘பின் வைக்கிற பெட்டி’ என்று பெயர் எழுதி ஒட்டிவிடுகிறது. வேலை கொடுத்தாயிற்று, இனி அதற்கு வேறு வேலை கிடையாது! கண்ணெதிரே இருந்தும் பெட்டி காணாமல் போய்விடுகிறது. இதற்கு நாம் ‘வேலைப் பூட்டு’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். பொருளை அதன் வழக்கமான வேலைக்குள்ளேயே போட்டுப் பூட்டிவிடுகிறோம் அல்லவா?

மூளையை ரொம்பவும் திட்டாதீர்கள். இந்தப் பூட்டு இல்லாவிட்டால், சாப்பிட உட்காரும்போதெல்லாம் ‘இந்தக் கரண்டி எதற்கு?’ என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கும். பள்ளிக்கூட மணி அடித்தாலும் இட்லி தட்டிலேயே இருக்கும். பழகியதை யோசிக்காமல் செய்வது பெரிய வசதி. புதிதாக ஒன்று வந்து நிற்கும்போதுதான் அந்த வசதி காலை வாரிவிடுகிறது.

கணக்கிலும் இப்படி நடக்கும். 1942-இல் ஆபிரகாம் லூச்சின்ஸ் என்பவர் தண்ணீர்ப் பாத்திரக் கணக்குகளைக் கொடுத்துச் சோதித்தார். ஒன்றைப் போட்டுப் பாருங்கள். மூன்று பாத்திரங்கள். முதலாவது 21 படி கொள்ளும், இரண்டாவது 127 படி, மூன்றாவது 3 படி. சரியாக 100 படி தண்ணீர் வேண்டும். இரண்டாவதை நிரப்புங்கள். அதிலிருந்து முதல் பாத்திரத்தை ஒரு தடவையும், மூன்றாவதை இரண்டு தடவையும் நிரப்பி எடுத்துவிடுங்கள். 127-இல் 21 போக 106. அதில் 6 போக 100. இதே வழியில் போடக்கூடிய கணக்குகள் இன்னும் சில வரிசையாக வந்தன. எல்லோரும் மளமளவென்று போட்டார்கள்.

பிறகு இது வந்தது: 23 படி, 49 படி, 3 படி. வேண்டியது 20.

49-இல் 23 போனால் 26, அதில் 6 போனால் 20. சரிதானே? சரிதான். ஆனால் 23-இல் 3 போனாலே 20 வந்துவிடுமே! பழைய வழியில் பழகியவர்களில் பெரும்பாலோர் இந்தக் குறுக்குவழியைப் பார்க்கவே இல்லை. முந்தைய கணக்குகளைப் போடாமல் நேரே இதற்கு வந்தவர்களுக்கு அது சுலபமாகத் தெரிந்தது. இன்னொரு கணக்கு: 28, 76, 3; வேண்டியது 25. இதற்குப் பழைய வழி செல்லாது. போட்டுப் பார்த்துவிட்டு, விடையே கிடையாது என்று சொன்னவர்களும் உண்டு. நீங்கள் பார்த்துவிட்டீர்கள்தானே?

உங்கள் கணக்குப் புத்தகத்திலும் பயிற்சிக் கணக்குகள் பத்தும் ஒரே வழியில் வரும். பதினோராவது மட்டும் கொஞ்சம் மாறியிருக்கும். அதில் முட்டிக்கொண்டு நின்றால், ‘எனக்குக் கணக்கே வராது’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் பத்தை நன்றாகப் போட்டதுகூட அதற்குக் காரணமாக இருக்கலாம்.

சரி, பூட்டைத் திறப்பது எப்படி? டோனி மெக்காஃப்ரி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2012-இல் ஒரு வழி சொன்னார். அவர் வைத்த புதிர்களில் ஒன்றில் இரண்டு கனமான இரும்பு வளையங்களைச் சேர்த்துக் கட்ட வேண்டும். கொடுத்தது ஒரு மெழுகுவர்த்தி, ஒரு தீக்குச்சி, ஒரு இரும்புக் கட்டி. மெழுகை உருக்கி ஒட்டினால் வளையத்தின் கனத்துக்கு நிற்காது. இப்போது பொருளின் பெயரை மறந்துவிட்டு அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டே போங்கள். மெழுகுவர்த்தியில் என்னென்ன இருக்கின்றன? மெழுகும் திரியும். ‘திரி’ என்றாலே எரிகிற ஒன்று என்று மூளை சொல்லும். அந்தப் பெயரையும் எடுத்துவிடுங்கள். திரி எதனால் ஆனது? முறுக்கிய நூல். அடடா, நூல் என்றால் கட்டலாமே! இரும்புக் கட்டியின் விளிம்பில் மெழுகைச் சுரண்டித் திரியை உருவினால் கயிறு கிடைத்துவிடும். இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழகியவர்கள், பழகாதவர்களைவிட அதிகமான புதிர்களை விடுவித்தார்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நுங்கு தோண்டித் தின்ற காய்கள் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக்கம்பு, வண்டி ஓடும்! கொட்டாங்குச்சியில் காம்பு செருகினால் அகப்பை, பழைய புடவையை உத்தரத்தில் கட்டினால் தூளி.

பிரித்துப் பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லையா? எழுந்து போய்க் குளியுங்கள், சைக்கிளில் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தப்பான வழியையே பிடித்துக்கொண்டிருந்த மனசின் பிடி அதற்குள் கொஞ்சம் தளரும். ஆனால் முட்டி மோதிப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்க வேண்டும். புத்தகத்தைத் திறக்காமலேயே சைக்கிளை எடுத்தால் அதற்குப் பெயர் ஊர்சுற்றல்.

சில சமயம் உதவி எங்கிருந்து வந்தது என்றுகூடத் தெரியாது. 1931-இல் நார்மன் மேயர் என்பவர் ஒரு அறையில் கூரையிலிருந்து இரண்டு கயிறுகளைத் தொங்கவிட்டார். இரண்டின் நுனியையும் சேர்த்து முடிய வேண்டும். ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது கைக்கு எட்டாது. அறையில் ஒரு குறடு முதலிய சாமான்கள் கிடந்தன. பலர் திணறினார்கள். அப்போது மேயர் ஜன்னல் பக்கம் போகிற சாக்கில் கயிற்றில் உரசிக்கொண்டு போவார். கயிறு லேசாக ஆடும். கொஞ்ச நேரத்தில் பலர் விடையைப் பிடித்துவிட்டார்கள்: ஒரு கயிற்றில் குறட்டைக் கட்டி ஊஞ்சலாக ஆட்டிவிட்டு, மற்றதைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் போதும், அதுவே கைக்கு வந்துவிடும். எப்படித் தோன்றியது என்று கேட்டால், கயிறு ஆடியதை அவர்களில் பெரும்பாலோர் சொல்லவே இல்லை. தானாகவே தோன்றியதாக நினைத்துக்கொண்டார்கள்!

கடைசியாக ஒரு சேதி. 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், சின்னப் பிள்ளைகளிடம் ஒரு பொம்மையை உயரமான தட்டுக்கு எட்டச் செய்யும்படி கேட்டார்கள். கையில் ஒரு பெட்டியும் சில கட்டைகளும். கட்டைகளை மட்டும் அடுக்கினால் உயரம் போதாது. பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் அடுக்க வேண்டும். பெட்டிக்குள் சாமான்களைப் போட்டுக் காட்டினால் ஆறு ஏழு வயதுப் பிள்ளைகள் தடுமாறினார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு அதனால் எந்த வித்தியாசமும் இல்லை. அந்தப் பூட்டு அவர்களுக்கு இன்னும் விழவே இல்லை!

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஐந்து வயதுத் தம்பியோ தங்கையோ இருந்தால் இதைச் செய்து பாருங்கள். மெழுகுவர்த்தியும் பின்னும் வேண்டாம். ஒரு அட்டைப்பெட்டி, அதற்குள் சில கட்டைகள், ஒரு பொம்மை போதும். அப்பாவையோ தாத்தாவையோ தனியாகச் செய்யச் சொல்லிக் கடிகாரம் பாருங்கள். யார் முதலில் பெட்டியைக் கவிழ்த்தார்கள் என்று குறித்துவையுங்கள். தாத்தா தோற்றுவிட்டால் அவருக்கு அந்த 20 படி கணக்கையும் கொடுத்துவிடாதீர்கள், பாவம்.