டீடலஸ்: விண்மீனுக்குப் போக ஒரு வரைபடம்

வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் விரைகிறது. அதே வேகத்தில் போனால், மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியின் தொலைவைக் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும்.

இந்தக் காலத்தைச் சுருக்கும் நோக்கில் பிரித்தானியக் கோளிடைக் கழகத்தினர் 1973 முதல் 1978 வரை உழைத்து வரைந்த ஆளில்லாக் கலம் டீடலஸ். இதைவிடத் துணிவான வரைவு அரிது. டியூட்டீரியமும் ஹீலியம்-3உம் கலந்த சிறு உருண்டைகளை நொடிக்கு 250 வீதம் எலக்ட்ரான் கற்றைகள் தாக்க, அணுக்கருப் பிணைவு வெடிப்புகள் கலத்தை உந்தும். மொத்த எடை 54,000 டன். அதில் 50,000 டன் எரிபொருளே! ஹீலியம்-3ஐ வியாழனின் வளிமண்டலத்திலிருந்து எடுத்துவர வேண்டும். ஒளிவேகத்தில் 12 விழுக்காட்டை எட்டி, சுமார் 50 ஆண்டில் தன் இலக்கான பர்னார்டு விண்மீனை நெருங்கும். அங்கே நிற்க முடியாது, பார்த்தபடியே கடந்துவிடும்.

2016-இல் அறிவிக்கப்பட்ட ஸ்டார்ஷாட் திட்டத்தின் கலமோ உந்து எரிபொருளையே சுமக்காது. சில கிராம் எடையுள்ள பாய்க்கலத்தைப் பூமியிலிருந்து லேசர் ஒளி தள்ளும்.