மின் உலை முன் நிற்பவரின் உரிமைகள்

கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் ஒரு காலத்தில் ஃபவுண்டரி எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. குப்போலா உலையின் புகைபோக்கி தூரத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். மாடியில் காயப்போட்ட வேட்டியில் கரி படியும். கோக் விலையும் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளும் சேர்ந்து அந்த உலைகளை மெல்ல மெல்ல ஓரங்கட்டின. இன்று பம்புசெட், மோட்டார், கிரைண்டர், வால்வு என்று வார்த்தெடுக்கும் பட்டறைகளில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் பர்னஸ் என்ற மின் உலைதான். கரி இல்லை, புகை குறைவு, உருக்கும் வேகம் அதிகம். நல்ல மாற்றம்தான். ஆனால் புகையோடு சேர்த்து, உலை மீது இருந்த பயமும் போய்விட்டது. மின் உலையில் வரும் பெரிய ஆபத்துகள் முன்கூட்டிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் அதன் முன் நிற்பவர்களுக்கு அவை தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

முதலில் உலையின் அமைப்பு. நடுவே உள்ள பாத்திரத்தைச் சுற்றிச் செம்புக் குழாய்ச் சுருள் இருக்கிறது. அதைத்தான் காயில் என்கிறார்கள். அதில் மாறுமின்சாரம் பாயும்போது உண்டாகும் காந்தப்புலம், உள்ளே போட்ட இரும்பிலேயே மின்னோட்டத்தைத் தூண்டி, இரும்பைத் தானாகச் சூடேறி உருக வைக்கிறது. ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தத்துவம் இது. வார்ப்பிரும்பை ஊற்ற 1,400 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். எஃகுக்கு 1,600 டிகிரியைத் தாண்டும். இவ்வளவு வெப்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் செம்புக் காயில் உருகாமல் இருப்பதற்கு ஒரே காரணம், அதன் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர். ஒரு பக்கம் உருகிய இரும்பு, மறுபக்கம் தண்ணீர். இரண்டையும் பிரித்து வைத்திருப்பது ராமிங் மாஸ் என்ற மண்ணை இடித்துச் செய்த சில அங்குல உட்சுவர், அதாவது லைனிங். மின் உலையின் பெரிய விபத்துகளில் பலவும் இந்தச் சுவரோடு தொடர்புடையவை.

தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு இடம் கேட்கும். உருகிய இரும்பின் மேல் விழும் தண்ணீரால் பெரிய தீங்கு நேராமலும் போகலாம். இரும்புக்கு அடியில் சிக்கிய தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. கண நேரத்தில் ஆவியாகி, மேலே உள்ள உலோகத்தைக் கூரை வரை தூக்கி எறிந்துவிடும். மழையில் நனைந்த ஸ்கிராப், கூலன்ட் எண்ணெய் வடியாத டர்னிங் தூள், இருபுறமும் அடைத்த குழாய், பழைய ஷாக் அப்சார்பர், கம்ப்ரசர், ஸ்ப்ரே டப்பா எல்லாமே இதே காரணத்தால் ஆபத்தானவை. 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஓர் உருக்காலையில், பழைய இரும்போடு கலந்து வந்த வெடிகுண்டு வெடித்துப் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். ஸ்கிராப்பைக் கூரைக்கு அடியில் வைப்பது, காய வைப்பது, மூடிய துண்டுகளை வெட்டித் திறந்த பிறகே உலையில் போடுவது ஆகியவை உரிமையாளரின் கடமை. பிரித்தெடுக்காத ஸ்கிராப்பை அள்ளிப் போடச் சொன்னால் கேள்வி கேட்பது உங்கள் உரிமை.

பட்டறைக்காரர்கள் பிரிட்ஜிங் என்று சொல்லும் நிலையை விரிவாகவே சொல்கிறேன். நீளமான துண்டுகள் உலையின் வாயில் சிக்கி, ஒன்றோடொன்று ஒட்டி, மூடி போல நின்றுவிடும். அதற்குக் கீழே உள்ள இரும்பு உருகி இறங்கிவிடும். மேலே எட்டிப் பார்க்கும் மெல்ட்டருக்கு, அதாவது உலையை இயக்குபவருக்கு, கறுத்த இரும்பு மட்டுமே தெரியும். ‘இன்னும் உருகவில்லையே’ என்று பவரைக் கூட்டுவார். கீழே இருக்கும் உலோகமோ, மேலிருந்து குளிர்ந்த ஸ்கிராப் வந்து சேராததால், கட்டுக்கடங்காமல் சூடேறும். லைனிங் தேய்ந்துகொண்டே போகும். அது தீர்ந்த இடத்தில் இரும்பு காயிலைத் தொடும். காயில் ஓட்டையானால் தண்ணீர் இரும்போடு சேரும். வழக்கமான நேரம் கடந்தும் மேலிருக்கும் ஸ்கிராப் இறங்காமல், மின்சார மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது கடப்பாரையை எடுத்துக் குத்தப் போகக் கூடாது. முதல் வேலையாகப் பவரை அணைக்க வேண்டும். காயில் தண்ணீரை நிறுத்தக் கூடாது. எல்லோரும் உலை மேடையிலிருந்து விலக வேண்டும். அதன் பிறகு உலையை எப்படிச் சாய்த்து, எப்படித் துளை உண்டாக்குவது என்பது உலை தயாரிப்பாளர் கொடுத்த நடைமுறைப்படி, பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை.

லைனிங் தேய்ந்ததைக் காட்டிக் கொடுக்க ஒரு கருவி இருக்கிறது. கிரவுண்ட் லீக் டிடெக்டர் என்று பெயர். உலையின் அடியிலிருந்து உலோகத்தைத் தொடும் கம்பிகள் வழியாக, காயிலுக்கும் இரும்புக்கும் இடையே மின்கசிவு இருக்கிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கசிவு வந்தால் அலாரம் அடித்து உலையை நிறுத்தும். ஆர்டர் நெருக்கடியில், ‘சும்மா சும்மா டிரிப் ஆகுது’ என்று ஒரு துண்டு வயரைப் போட்டு அதை முடக்கிவிட்டு உலையை ஓட்டும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இதைப் போலப் பெரிய குற்றம் வேறு இல்லை என்பேன். ஷிஃப்ட் தொடங்கும்போது அந்தக் கருவி வேலை செய்கிறதா என்று சோதித்துப் பதிவேட்டில் எழுத ஐந்து நிமிடம் கூட ஆகாது.

உலைக்கு அடியில் ஒரு குழி இருக்கும். லைனிங் உடைந்தால் இரும்பு இறங்கித் தங்குவதற்காக விட்ட இடம் அது. ஐப்பசி மழையில் அதில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால், காப்பாற்ற வெட்டிய குழியே கொல்லும் குழியாகிவிடும். குழி காய்ந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். மின்தடை வந்தால் காயிலுக்குத் தானாகத் தண்ணீர் தரும் மேல்நிலைத் தொட்டியோ டீசல் பம்போ இருக்கிறதா என்றும் பாருங்கள். பவர் போனாலும் உலைக்குள் இருக்கும் சூடு போவதில்லை.

பேனலுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னேற்றத்தைத் தக்க வைத்திருக்கும். அதை இறக்கி, எர்த் செய்து, பேனலைப் பூட்டிய பிறகுதான் கை வைக்க வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியவரை உலைப் பக்கம் வேலைக்குப் போடக் கூடாது. மோதிரம், காப்பு, சங்கிலி எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பாலியெஸ்டர் சட்டை உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கயிறு கட்டும் ஷூவும் வேண்டாம், கால்சட்டையை ஷூவுக்குள் திணிக்கவும் வேண்டாம். தெறித்த இரும்பு உள்ளே தங்கினால் கால் போய்விடும். தீக்காயம் பட்டவருக்குச் சாதாரண ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை உரிக்காதீர்கள். மை, பற்பசை, எண்ணெய் எதையும் தடவாதீர்கள்.

சத்தம் இல்லாமல் கொல்லும் ஆபத்து ஒன்றும் உண்டு. ராமிங் மாஸ் பெரும்பகுதி சிலிக்கா. பழைய லைனிங்கை உடைக்கும்போதும், புதிய மண்ணைக் கொட்டி இடிக்கும்போதும் கிளம்பும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸை உண்டாக்கும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. காச நோய் வரும் வாய்ப்பையும் அது கூட்டும். படிக சிலிக்கா தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. லைனிங் உடைக்கும் வேலை பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளருக்குத்தான் போகிறது. பலர் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள். முகத்தில் கட்டியிருக்கும் துண்டு அந்தத் தூசியைத் தடுக்காது. தகுந்த முகக்கவசமும் தூசி உறிஞ்சும் ஏற்பாடும் இலவசமாகத் தரப்பட வேண்டும். மாதக்கணக்கில் இருமல் இருந்தால், என்ன வேலை செய்கிறீர்கள் என்று மருத்துவரிடம் சொல்லி, அதைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் வழக்குக்கு அந்த வரி தேவைப்படும்.

இனி சட்டம். போபால் விபத்துக்குப் பிறகு, 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் அபாயகரமான தொழில்முறைகளுக்கென்று ஓர் அத்தியாயம் சேர்க்கப்பட்டது. அந்தப் பட்டியலில் ஃபவுண்டரிகள் பெயரிட்டே சொல்லப்பட்டிருக்கின்றன. வேலையின் ஆபத்துகளைத் தொழிலாளிக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். வேலையில் சேரும் முன்பும், அதன் பின் ஆண்டுக்கு ஒரு முறையாவது மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். அந்தப் பதிவைத் தொழிலாளி பார்க்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகத் தோன்றினால், நிர்வாகத்துக்கும் அதே நேரத்தில் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் உடனே சரிசெய்தாக வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால் பிரிவு எண்கள் மாறிவிட்டன. இந்த உரிமைகள் புதிய தொகுப்பிலும் தொடர்கின்றன. தமிழ்நாட்டில் புகார் செய்ய வேண்டிய இடம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம்.

ஆனால் எழுதிய சட்டம் மட்டும் போதாது. அலாரம் அடித்த நொடியில் ஆய்வாளருக்கு யாரும் மனு எழுத முடியாது. மேஸ்திரியைக் கேட்காமல், சம்பளம் பிடிப்பார்களோ என்று அஞ்சாமல், உலையை அணைக்கும் அதிகாரம் மெல்ட்டருக்கு வேண்டும். அதை எழுத்தில் வைத்து, பேனலுக்குப் பக்கத்தில், தமிழிலும் இந்தியிலும் ஒட்ட வேண்டும். உலையில் போட்ட ஒரு சார்ஜ் இரும்பு வீணானால் வரும் நஷ்டத்தை ஓரிரு நாளில் ஈடுகட்டிவிடலாம். உரிமையாளர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

விபத்து நடந்துவிட்டால் இரண்டு வழிகள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலை என்றால் இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உங்களுக்குப் பொருந்தும். வேலை விபத்துக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. குணமாகும் வரை சராசரி தினச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இறந்தால் குடும்பத்துக்கு மாத உதவித்தொகை. முதலாளி உங்கள் பெயரைப் பதியவே இல்லை என்றாலும் இ.எஸ்.ஐ. கழகத்திடம் கோரலாம். கழகம் தந்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளும்.

இ.எஸ்.ஐ.க்குள் வராதவருக்கு, 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்து, இப்போது புதிய சட்டத் தொகுப்பில் தொடரும் வழி. கணக்கிடும் முறை எளிது. இறப்புக்கு மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். கணக்குக்கான சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். 30 வயதுக்குக் காரணி 207.98. அந்த வயதில், 15,000 ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கியவர் இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய் சேர வேண்டும். முழு நிரந்தர ஊனத்துக்குப் பாதிக்குப் பதில் 60 சதவீதம். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும், தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லாவிட்டால் பாதி வரை அபராதமும் சேரும். ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆளுக்கும் ஆலை முதலாளியே பொறுப்பு.

‘அவனே அஜாக்கிரதையா நின்னான்’ என்ற பேச்சைக் கேட்டுப் பல குடும்பங்கள் வாய் மூடிவிடுகின்றன. அஜாக்கிரதை என்ற காரணத்தால் இழப்பீடு மறுக்கப்படாது. பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதைக் காட்டி முதலாளி தப்ப முயலலாம். ஆனால் இறப்பிலும் முழு நிரந்தர ஊனத்திலும் அந்த வாதமும் எடுபடாது. இன்னொன்றும் முக்கியம். இறந்தவரின் குடும்பத்துக்கு நேராகக் கையில் கொடுக்கும் பணம் இழப்பீடாகக் கணக்கில் வராது. அது ஊழியர் இழப்பீட்டு ஆணையரிடம் செலுத்தப்பட வேண்டும். பிணவறை வாசலில் ஒரு லட்சத்தைக் கொடுத்து வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினாலும், உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த ஒப்பந்தம் செல்லாது. மனு செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. குடும்பம் வசிக்கும் ஊரிலுள்ள ஆணையரிடமே மனு கொடுக்கலாம் என்பதால் பீகாரிலிருந்து ஒரு தாய் கோவைக்கு அலைய வேண்டியதில்லை. இந்த உரிமைகளை வேலையில் சேர்க்கும்போதே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தம் வந்தது.

இன்றே செய்ய வேண்டியவை சில. இ.எஸ்.ஐ. எண்ணையும், சம்பளம் வங்கியில் ஏறிய குறுஞ்செய்தியையும் கைபேசியில் படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். காயம் பட்டவரைச் சேர்க்கும்போது, மருத்துவமனைப் பதிவில் ‘வேலை இடத்தில், உலை விபத்து’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். வேறு எதையாவது எழுதியிருந்தால் அப்போதே திருத்தச் சொல்லுங்கள். இ.எஸ்.ஐ. சந்தேகங்களுக்கு 1800-11-2526, சட்ட உதவிக்கு 15100. தொழிற்சாலைத் தொழிலாளிக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்திலேயே இருக்கிறது. கேட்டு வாங்குங்கள்.