மலையகத் தமிழரும் குடியுரிமைச் சான்றும்

குடிபெயர்ந்து வாழ்வோர் தத்தம் ஆவணங்களைத் தாமே பேணவேண்டும் என்பர். அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் இஃது எங்ஙனம் இயன்றது என நோக்குவோம். அங்குள்ளோரிற் பலர் இலங்கையிலேயே பிறந்தவர். எனினும் தந்தையோ, பாட்டனும் பூட்டனுமோ இங்குப் பிறந்தமைக்கு 1948ஆம் ஆண்டுச் சட்டம் சான்று கோரியது. 1949ஆம் ஆண்டுச் சட்டமோ மணமானவர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் இடையறாது வதிந்தமையைக் காட்டி, 1951 ஆகஸ்டு 5ஆம் நாளுக்குள் விண்ணப்பிக்கப் பணித்தது. அவ்வதிவைக் காட்டவல்ல செக்ரோல் இருந்ததோ துரையின் அலுவலகத்தில்! லயத்து அறையில் ஏடு ஏது? விண்ணப்பங்களில் அடங்கியோர் ஏறத்தாழ எட்டு இலட்சம். பதிவு பெற்றோர் சுமார் 134,000 பேரே. எஞ்சியோருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 1964 அக்டோபர் 30இல் பங்கிட்டது. அந்நாள்முதல் இலங்கையில் நிலையாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கிற்று.