அயலாரின் அச்சத்தைக் கேட்ட மகாநாடு

சர்வதேச விவகாரங்களைப் பற்றிப் பல்கலைக்கழகங்களில் நடைபெறும் சொற்பொழிவுகளையும் மகாநாடுகளையும் பத்திரிகை வாயிலாக மட்டுமே அறியும் வாசகர், அறிஞர்கள் கூடிப் பேசிக் கலைவதனால் உலகத்திற்கு விளையும் பயன் யாது என்று வினவுவாராயின், அவ்வினாவை அலட்சியம் செய்வதற்கில்லை. ஏனெனில், உபசார மொழிகளும் மாலை மரியாதைகளுமாகவே முடிந்துபோகும் கூட்டங்கள் மிகப் பல.

சர்வதேச விவகாரங்களைப் பற்றிய கல்வி ஒரு பெருந்துக்கத்திலிருந்து பிறந்தது. முதல் உலக யுத்தத்தில் மாண்ட மாணவர்களின் ஞாபகார்த்தமாக, வேல்ஸ் நாட்டின் கடற்கரை நகரமாகிய அபெரிஸ்ட்வித்திலிருந்த கல்லூரிக்கு, சுரங்கத் தொழிலால் செல்வமெய்திய குடும்பத்தினராகிய டேவிட் டேவிஸும் அவருடைய சகோதரியர் இருவரும் 20,000 பவுன் வழங்க, 1919ஆம் ஆண்டில் சர்வதேச அரசியலுக்கென்றே உலகின் முதலாவது பேராசிரியர் பதவி அங்கே ஸ்தாபிக்கப்பட்டது. சர்வதேச சங்கத்தின் மூலம் யுத்தமே இல்லாத உலகைக் காணலாம் என்ற நம்பிக்கையில் உருவான அப்பீடத்தில் 1936இல் அமர்ந்த ஈ. எச். கார் என்பவரோ, அந்த நம்பிக்கை வல்லமையின் இயல்பை உணராத வெறுங்கனவு என்று வாதிட்டு ஒரு நூலே எழுதினார். டேவிஸுக்கு இந்த நியமனம் சிறிதும் பிடிக்கவில்லை. ஆயினும், கொடையாளியின் கொள்கையையே கண்டிக்கும் சுதந்திரம் அங்கே இருந்ததனாலன்றோ அது பிரசார பீடமாகாமல் வித்தியா பீடமாக நிலைத்தது!

நம் நாட்டில் இத்தகைய முயற்சி, அரசாங்கச் சார்பின்றி 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கவுன்சிலோடு வேரூன்றியது. அதன் காரியதரிசி ஏ. அப்பாதுரை, சென்னை லயோலாக் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர்; கி.பி. 1000 முதல் 1500 வரை தென்னிந்தியாவின் பொருளாதார நிலையைப் பற்றி அவர் எழுதிய ஆராய்ச்சி நூலைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்டது. பழந்தென்னாட்டின் வணிகத்தையும் நிலவுரிமையையும் ஆராய்ந்த அறிவே பின்னர் உலக அரசியலை நோக்கித் திரும்பிற்று என்பது, இத்துறையை மேனாட்டாரின் தனிச்சொத்தாக எண்ணுவோர் கவனிக்கத்தக்கது.

அக்கவுன்சில் கூட்டிய ஆசிய உறவு மகாநாடு, இந்தியா இன்னும் சுதந்திரம் பெறாத 1947 மார்ச் 23 முதல் ஏப்ரல் 2 வரை டில்லிப் பழங்கோட்டையில் நடைபெற்றது. சரோஜினி நாயுடு தலைமை வகித்ததும், நேரு துவக்கவுரை நிகழ்த்தியதும், இறுதிக் கூட்டத்தில் காந்தியடிகள் பேசியதும் பலரும் அறிந்தவை. ஆனால், பந்தலில் முழங்கிய அப்பேச்சுக்களைக் காட்டிலும், சிறு குழுக்களாகப் பிரிந்து பிரதிநிதிகள் நடத்திய விவாதங்களே என் மதிப்பில் அம்மகாநாட்டின் உயிர்நிலை. நிறவேற்றுமையையும் ஆசிய நாடுகளுக்கிடையே நடைபெறும் குடியேற்றத்தையும் பற்றிய குழுவில், ஆங்கிலேயரைப் போலவே இந்தியரையும் சீனரையும் நினைத்தும் தாம் அஞ்சுவதாகப் பர்மா, மலேயா முதலிய சிறு நாடுகளின் பிரதிநிதிகள் மனம் விட்டு உரைத்தனர். அந்நிய ஆதிக்கத்தினால் நலிந்தவர்கள் நாமே என்று மட்டும் எண்ணிப் பழகிய இந்தியப் பிரதிநிதிகளுக்கு, தாமும் பிறர் கண்ணுக்கு ஆதிக்கக்காரராகத் தோன்றக்கூடும் என்பது எவ்வளவு கசப்பான செய்தியாக இருந்திருக்க வேண்டும்!

அந்த விவாதம் தமிழருக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. பர்மாவில் நெல் வயல்களின்மீது கடன் கொடுத்த செட்டியார்களும், மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலும் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களும் அங்கே பேசப்பட்ட "குடியேறியவர்"களில் அடங்குவர். மறு ஆண்டிலேயே இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. மகாநாடு அதனைத் தடுக்கவில்லை; ஒரு மகாநாட்டினால் தடுத்திருக்கவும் இயலாது. 1949இல் சீனாவில் மீண்டும் கூடுவதென்று செய்த ஏற்பாடும் நிறைவேறவில்லை. ஆனாலும் வரவிருந்த இடுக்கணின் முன்னறிகுறி அந்த அறையில் காதுள்ளவர்களுக்குக் கேட்டது.

உணர்ச்சியால் மட்டும் அயல்நாட்டை அறிய முடியாது என்ற தெளிவே 1955இல் டில்லி சப்ரு இல்லத்தில் சர்வதேச ஆராய்ச்சிக்கான இந்தியப் பள்ளியாக உருவெடுத்தது. அதன் முதல் இயக்குநரும் அப்பாதுரையே. ஒரு நாட்டை ஆராயப் புகுவோர் அதன் வரலாற்றோடு மொழியையும் கற்க வேண்டும் என்பது அங்கே வலியுறுத்தப்பட்டது. 1970இல் அப்பள்ளி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்து இன்றும் அதன் அங்கமாக விளங்குகிறது.

ஆயினும், வாஷிங்டனின் போக்கைப் பற்றி மணிக்கணக்காகப் பேசவல்ல நம் மாணவர்களிடையே, சிங்களமோ பர்மிய மொழியோ பயின்றவரைத் தேடித்தான் காணவேண்டியிருக்கிறது. தமிழகத்துப் பல்கலைக்கழகங்கள் சர்வதேச மகாநாடு கூட்ட எண்ணும்போது, கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் அறிஞர்களை அழைத்து முதல் நாளை அவர்களுக்கே அளித்து, அவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்க முன்வர வேண்டும்.