கண்டதைக் கணக்கில் ஏற்றுவோம்

கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தினர்களுக்குக் கணக்கேட்டின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. வாங்கிய நூல் எவ்வளவு, ஒப்படைத்த சேலை எத்தனை என்பது ஏட்டில் ஏறாவிடில் ஆண்டு முடிவில் வழக்கே மிஞ்சும். நமது வயலிலும் கல்வராயன் மலையிலும் வாழும் உயிர்களுக்கும் அத்தகைய ஏடு ஒன்று உண்டென்பதைப் பலர் அறியார்.

2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம், ஊராட்சிதோறும் இதற்கென ஒரு குழு அமைய வேண்டுமென விதித்துள்ளது. ஊர் மக்களைக் கலந்து 'மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு' ஒன்றை எழுதிப் பேணுவதே அக்குழுவின் முதன்மையான பணியாகும். ஒருமுறை எழுதி அலமாரியில் வைத்துவிட்டால் அது பழைய பஞ்சாங்கமே. ஏடு உயிரோடிருக்க வேண்டுமானால் நாம் கண்டதைச் சொல்லிக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இதனால் விளையும் பயன் யாது எனக் கேட்கலாம். பாறு எனப்படும் பிணந்தின்னிக் கழுகின் கதையே விடையாகும். இராஜஸ்தானத்துப் பரத்பூரில் 1980களிலேயே அதன் கூடுகளை எண்ணி வைத்திருந்தனர். 1990களில் மீண்டும் எண்ணியபோதுதான் அவை பெரிதும் அருகிவிட்டமை புலனாயிற்று. மாடுகளுக்கு வலி நீங்கக் கொடுத்த டைக்குளோபினாக் மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே பாறுகளைக் கொன்றது என்பது 2004இல் வெளியாயிற்று. 2006இல் மாட்டுவைத்தியத்தில் அதற்குத் தடை வந்தது. பழைய எண்ணிக்கை இல்லாதிருந்தால், 'முன்பு நிறைய இருந்தன' என்ற பேச்சு மட்டுமே எஞ்சியிருக்கும். பேச்சைக் கொண்டு எந்த மருந்தையும் தடுக்க இயலாது.

குறிப்பு எழுதுவது எளிது. எது, எங்கே, எந்நாள், எத்தனை, கண்டவர் யார் என்ற ஐந்தும் இருந்தால் போதும். 'கோமுகி அணைக்கரை, தை முதல் நாள், காலை 7 மணி முதல் 7.15 வரை, நீர்க்காகம் 12' என்பது நல்ல குறிப்பு. 'அணையில் பறவைகள் ஏராளம்' என்பது குறிப்பாகாது. பெயர் தெரியாவிடில் ஊகித்து எழுதலாகாது; நிறம், பருமன், குரல் இவற்றை எழுதி, கூடுமானால் கைப்பேசியில் படமும் பிடித்து வைக்கலாம். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் வழங்கும் பெயரை அவர்கள் சொன்னபடியே எழுதுக. நூற்பெயரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். மறைந்த வழக்குப் பெயரை மீட்பது அரிது.

அபூர்வமானவற்றையே எழுத வேண்டுமென்று எண்ணற்க. புழுவைத் தின்னும் கரிச்சானும், எலியைப் பிடிக்கும் ஆந்தையும், சாரைப்பாம்பும் நம் விளைச்சலின் காவலர்கள். அவை குறைவதை முதலில் காண்பவர் உழவரே. விடியலில் தெருவில் பாவு விரிக்கும் நெசவாளருக்கும் சிட்டுக்குருவியின் வரவு நன்கு தெரியும். தேடியும் காணாத நாளையும் எழுதுக, அதுவும் கணக்கே.

தொடங்குவதற்குத் தை மாதம் உகந்தது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. கால் மணி நேரமேனும் ஓரிடத்தில் நின்று எண்ணி, 'இபேர்டு' என்னும் உலகப் பொது ஏட்டில் கைப்பேசி வழியே பதிகின்றனர். கைப்பேசி இல்லாதார் தாளில் எழுதி ஊராட்சிக் குழுவிடம் கொடுக்கலாம்.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. அரிய விலங்கின் குகையையோ பறவையின் கூட்டையோ கண்டால் இடத்தைப் பலரறியப் பரப்பலாகாது. வேட்டைக்காரரும் அதைப் படிப்பர். அத்தகைய செய்தியை வனத்துறை அலுவலரிடம் நேரில் தெரிவித்தலே தக்கது.