முதலில் எதைக் குணமாக்குவது?

"முதல்ல இந்தப் பழக்கத்த உடட்டும், மத்ததப் புறகு பார்ப்பம்." ஐஸ் போதைப்பொருளில் சிக்கிய இளைஞர்களின் வாப்பாமார் என்னிடம் அடிக்கடி சொல்வது இது. பழக்கத்தோடு மனச்சோர்வும் இருந்தால் இந்த வரிசை சரிவராது.

இளவயதில் மனச்சோர்வு அழுகையாக மட்டும் வெளிப்படுவதில்லை. எரிச்சல், தூக்கம் கெடுதல், கூட்டாளிமாரிலும் விளையாட்டிலும் விருப்பம் அற்றுப்போதல் என்றும் வரும். போதை அந்தப் பாரத்தைக் கொஞ்ச நேரம் இறக்கிவைக்கிறது. ஐஸின் வேகம் இறங்கியதும் சோர்வு இன்னும் கனமாகத் திரும்புகிறது. ஒன்று மற்றதை வளர்ப்பதால் இரண்டுக்கும் ஒருசேரவே சிகிச்சை வேண்டும்.

"ஏன்டா பாவிச்ச?" என்று அதட்டினால் பிள்ளை தன் பக்க நியாயத்தைத்தான் தேடும். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்காக 1983இல் விவரித்த ஊக்கமூட்டும் நேர்காணல் வேறு வழியில் போகிறது. "இதால ஒங்களுக்குக் கிடைக்கிறது என்ன? இழக்கிறது என்ன?" என்று கேட்டு, மாறுவதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவைப்பது அது.

அடுத்தது, ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிகைச் சிகிச்சையிலிருந்து வளர்ந்த அறிகை நடத்தைச் சிகிச்சை. சாதாரண தரப் பரீட்சையில் தவறிய ஒருவன் "நான் ஒண்டுக்கும் உதவாதவன்" என்று நினைக்கிறான், மனம் கனக்கிறது, தூள் வைத்திருப்பவனைத் தேடிப் போகிறான். இந்தச் சங்கிலியை இருவருமாகத் தாளில் எழுதுவோம். அந்த நினைப்பு முழுக்க உண்மையா? அஸருக்குப் பிறகு வேறு எங்கே போகலாம்? ஒரு சின்ன வேலையைத் தெரிவுசெய்து ஒரு வாரம் செய்துபார்ப்பான். இடையில் மறுபடி பாவித்தாலும் விரட்டுவதில்லை; அந்த நாளையும் இதேபோல எழுதிப் பார்ப்போம்.

எல்லோருக்கும் பேச்சு மட்டும் போதாது. கடும் சோர்வுக்கு மருந்தும் தேவைப்படலாம். நாளாந்தம் மதுவோ தூக்க மாத்திரையோ பாவித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; வைத்தியரின் மேற்பார்வை அவசியம். "உயிரோட இருக்க விருப்பமில்லாம இருக்கா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. "ஓம்" என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையினது 1927. எதற்கு அழைத்தாலும் சோர்வையும் பழக்கத்தையும் சேர்த்தே சொல்லுங்கள். ஊருக்குப் பயந்து ஒன்றை மறைத்தால், பாதி நோய்க்குத்தான் வைத்தியம் நடக்கும்.